நாளைக்குச் சிவக்கிற காது

தாழைநேரியில் ரத்தம் பிந்தி வர ஆரம்பித்தது எந்த வருஷம் என்று கேட்டால், பெரியகுளத்து மடையை இடித்துக் கட்டினார்களே அந்த வருஷம் என்று பாதிப் பேரும், அம்மன் கொடை நின்றுபோனதே அதற்கு அடுத்த வருஷம் என்று மீதிப் பேரும் சொல்வார்கள். ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால் மட்டும், வேலைவெட்டி இல்லாதவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் கத்தரிக்காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் வெள்ளையாக ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். ரத்தம் வந்து சேரும்போது அந்தப் பெண் பஸ் நிறுத்தத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ நின்றுகொண்டிருப்பாள், பக்கத்தில் நிற்பவள் "ஏட்டி, விரலு" என்பாள், இவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற பஞ்சை எடுத்து ஒற்றிக்கொள்வாள். விரலுக்கு மட்டுமல்ல, முகத்துக்கும் அப்படித்தான். கோபம், வெட்கம், துக்கம் எதுவானாலும் சங்கதி காதில் விழுந்து புத்திக்கு எட்டிவிடும், ஆனால் ரத்தம் கிளம்பி வருகிறவரை நெஞ்சு அடித்துக்கொள்ளாது, முகம் மாறாது, கண்ணில் ஒரு சொட்டு வராது.

ஊர் இதற்கு வைத்த பெயர் வரத்து. குளத்துக்குத் தண்ணீர் வருவதைச் சொல்கிற வார்த்தையையே எடுத்து ரத்தத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் வரத்து ஒவ்வொரு மாதிரி இருந்தது. இவனுக்கு வெற்றிலை போடுகிற நேரம், அவளுக்கு உலை கொதிக்கிற நேரம், இன்னொருத்தருக்கு ஈரத்துணி காய்கிற நேரம். பெண் பார்க்கப் போகிறவர்கள் நட்சத்திரத்தைக் கேட்ட கையோடு வரத்தையும் கேட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் சாப்பிட்டு முடித்து, பந்தலிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மணமகளுக்கு முகம் சிவக்கிறபோது மறுபடி ஒரு படம் எடுத்தார். டீக்கடையில் வாய்த்தகராறு செய்துகொண்ட இரண்டு பேர் மரியாதையாகப் பிரிந்து போய், ஒருவனுக்குச் சலூன் நாற்காலியிலும் மற்றவனுக்குக் கோயில் நடையிலுமாக ரத்தம் கொதித்தது. பாதி முகம் மழித்தபடி எழுந்து ஓடி அடிக்க யாருக்கு மனசு வரும்? போலீஸ் ஸ்டேஷனில் கேரம்போர்டு வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

சாவு வீட்டுக்குத்தான் ஊர் ரொம்ப யோசித்து ஒரு வழக்கத்தை உண்டாக்கியது. செத்தவருக்கும் கடைசி வரத்து ஒன்று பாக்கி இருக்கும் அல்லவா, கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ அதற்கான ரத்தம் முகத்துக்கு வந்து சேர வேண்டும், அதைப் பார்க்காமல் தூக்கக் கூடாது. வருகிறபோது எல்லோரும் சுற்றி நிற்பார்கள். முகம் கன்றியோ மலர்ந்தோ வரும். உடனே ஒருவர், கடைசியில் கூட இருந்தது யார், அப்போது என்ன நடந்தது என்று கேட்பார். கூட இருந்தவர் சபையில் சொல்ல வேண்டும். நல்ல சொல்லாக இருந்தால் பெண்கள் குலவை போடுவார்கள். அதற்குப் பிறகுதான் சங்கு ஊதும்.

இந்த ஊருக்கு மங்கையர்க்கரசி வாக்கப்பட்டு வந்தாள். அவளுக்கு ஊர் திருநெல்வேலி ஜங்ஷன், ரத்தம் எல்லோரையும்போல உடனுக்குடன் வருகிற ரத்தம். படித்தவள், நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூளையைப் படமெடுக்கிற இடத்தில் வேலை. பெரிய குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் ஆளைப் படுக்கவைத்துப் பாம்புப் படம், பூப்படம், பெற்றவள் முகம் என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். மூளை அந்தக் கணமே வேலை செய்துவிடும். ஆனால் வேலை செய்த இடத்துக்கு ரத்தம் ஆடி அசைந்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் வந்து சேரும், இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரிவதோ ரத்தம் மட்டும்தான். ஆகையால் கணக்குப் பார்க்கிறவர்கள் அந்த ஐந்தாறு விநாடியைப் பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ள மறந்தால் பாம்புக்கு வந்த பயத்தைத் தூக்கிப் பூவின் பேரில் எழுதிவிடுவோம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் இந்தத் தப்பைச் செய்வார்கள், அரசி சிரித்துக்கொண்டே திருத்துவாள். "ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல இடம் விடுங்க" என்பது அவள் ஓயாமல் சொல்கிற இன்னொன்று. ஒட்டி ஒட்டிக் காட்டினால் இரண்டு வாய்க்கால் தண்ணீரும் ஒரே குளத்தில் விழுந்த மாதிரி ரத்தம் கலந்துபோகும், எது எதனுடையது என்று பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

அவளைப் பெண் பார்க்க வந்த பூதலிங்கம் தாழைநேரியில் கலர் கம்பெனி வைத்திருந்தான். ஆரஞ்சு, பன்னீர், திராட்சை என்று மூன்று நிறத்தில் சோடா போட்டுச் சுற்றுப்பட்டுக்கெல்லாம் அனுப்புவான். பாட்டில் வெடித்து வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு. ஊரிலேயே மெதுவான வரத்து அவனுக்குத்தான், இன்றைக்கு இந்நேரம் கேட்டதற்கு நாளைக்கு இந்நேரம். அதனாலேயே உள்ளூரில் பெண் அமையவில்லை. அவள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவன் சுவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். "மரக்கட்டை" என்றாள் அரசியின் அம்மா, அவர்கள் தெரு திரும்புவதற்குள். மறுநாள் சாயங்காலம் அரசிக்கு வேலையிடத்தில் ஒரு போன் வந்தது.

"நேத்து நீங்க காப்பி தந்தியள்லா? இப்பத்தான் காது செவக்கு. கம்பெனில எல்லாரும் பாத்துச் சிரிக்காவ. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

அரசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைத் தள்ளித் தள்ளிக் கணக்குப் பார்க்கிறவளுக்கு இந்த ஒரு ஆளுக்காக ஒரு நாளைத் தள்ளிப் பார்க்கத் தெரியாதா? கட்டினால் இவரைத்தான் என்று நின்றாள்.

அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு இரண்டு தேதி இருந்தது. அவள் இன்று சண்டை போட்டு, இன்றே ஆறிப்போய், மறுநாள் அவனுக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்துப் பரிமாறுகிறபோது அவனுக்கு நேற்றைய கோபம் வரும். "இது நேத்தைக்கு உள்ளது, நீ சோத்தைப் போடு" என்பான். அவள் சட்டென்று அழுவதும் சட்டென்று சிரிப்பதும் ஊர்ப் பெண்களுக்குக் கொஞ்சம் அடக்கக் குறைவாகப் பட்டது, ஆனாலும் பாவம், வெளியூர்க்காரி என்று விட்டுவிட்டார்கள். பிள்ளை இல்லை. அந்தக் குறையைக் கூட ஆளுக்கொரு நாளாகப் பங்கிட்டுத்தான் அழுதார்கள்.

ஒரு நாள் பூதலிங்கம் கம்பெனியின் ஈரத் தரையில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தான். கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. அரசி தான் வேலை பார்க்கிற இடத்துக்கே அவனைக் கொண்டுபோனாள். அவளுடைய மேலதிகாரி டாக்டர் அருளானந்தம் அவனை இயந்திரத்துக்குள் வைத்து, அரசியின் குரல், அவனுடைய அக்காள் சண்முகவடிவின் குரல், முன்பின் தெரியாத ஒருவர் குரல், பாட்டில்கள் உரசுகிற சத்தம் என்று வரிசையாகக் காதில் போட்டுப் பார்த்தார். ஐந்தாறு விநாடி கழித்தும் ஒன்றும் வரவில்லை, ஐந்தாறு நிமிஷம் கழித்தும் வரவில்லை.

"உள்ளே ஆள் இல்லைம்மா அரசி" என்றார், அவள் தோளைத் தொட்டு.

"நாளைக்கு இதே நேரம் ஒண்ணுமே பேசாம, சும்மா எடுங்க சார். ஒரே ஒரு தடவை."

அவர் இரக்கப்பட்டுத்தான் சம்மதித்தார். மறுநாள் அதே நேரம் ஒரு சத்தமும் இல்லாத இயந்திரத்துக்குள் பூதலிங்கத்தின் மூளை, நேற்று போட்ட வரிசை மாறாமல், ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு இடமாகச் சிவந்தது. அரசியின் குரல் இருந்த இடத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதை எழுதினால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், நீ இவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

அப்படித்தான் அவன் முன்னறைக் கட்டிலில் வந்து படுத்தான். அரசி வேலையை விட்டாள். காலையில் கலர் கம்பெனி, மற்ற நேரமெல்லாம் கட்டில். புரட்டிப் போடுவாள், துடைப்பாள், மூக்குக் குழாயில் கஞ்சி விடுவாள், பேசுவாள். பேசியது மறுநாள் அதே நேரம் அவன் காதில் தெரியும். கம்பெனி விவகாரம் என்றால் லேசாக, அவர்களுக்குள் மட்டும் இருந்த பழைய பேச்சு என்றால் மிளகாய்ப்பழமாக. அவள் இல்லாத நேரத்துக்கு நாத்தனார் வடிவு மைனி வந்து உட்காருவாள். புருஷனை இழந்து அடுத்த தெருவில் தனியாக இருந்தவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள், உலை கொதிக்கிற நேரம்தான் வரத்து. திரும்பி வந்ததும் அரசி தவறாமல் கேட்பாள்: "என்ன பேசினிய மைனி?" நாளைக்கு வருவது எதற்கு என்று தெரிய வேண்டாமா?

ஒரு மழை போய் ஒரு கோடை வந்து மறு மழையும் வந்தது. மார்கழியில் ஒரு நாள் அரசி மருந்து வாங்க ஜங்ஷனுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். "ஒண்ணும் பேசல, விசிறிக்கிட்டுச் சும்மா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மைனி உடனே கிளம்பிப் போய்விட்டாள். ஆகவே மறுநாள் அந்த நேரத்துக்கு அவன் முகத்தில் ஒன்றும் வராது என்று எண்ணி அரசி தன் பாட்டுக்குத் தலை குளித்துவிட்டு, அவன் பக்கத்தில் நின்று ஈரக் கூந்தலைத் தட்டி உலர்த்தினாள். இரண்டு துளி அவன் கன்னத்தில் தெறித்தது. அவன் காது சிவந்தது. நுனி முதல் அடி வரை, பெண் பார்த்த மறுநாள் அவளே பார்க்காமல் போன அந்தச் சிவப்பு. அரசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேற்று யாரும் பேசவில்லை, அப்படியானால் இது இன்றைக்கு உள்ளது, இந்தத் துளிக்கு உள்ளது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் உடனே பதில் சொல்லிவிட்டார், ரத்தம் வேகம் பிடிக்கிறது, எழுந்துவிடப் போகிறார்! கண்பட்டுவிடும் என்று பயந்து இதை மைனியிடம்கூடச் சொல்லவில்லை. அடுப்படியில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு எதுவும் வேகம் பிடிக்கவில்லை. பழையபடி ஒரு நாள் தள்ளித்தான் வந்தது. படுக்கைப் புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, ஆள் சிறுத்துக்கொண்டே போனான். பேசாமல் இருந்தால் மறுநாள் முகம் பிணமாகக் கிடக்கும், அதைப் பார்க்கப் பயந்தே அரசி பேசினாள், பேச ஒன்றும் இல்லாமல் போன பிறகும் பேசினாள். "சொல்லும்போது பாத்துச் சொல்லு, எல்லாம் போய்ச் சேரும்லா" என்று தெருவே புத்தி சொன்னது. அவளும் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

மாசி மாதம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் கலர் வாங்கத் தெருவில் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அன்று கம்பெனிக்கும் போகாமல் காலையிலிருந்து ஓயாமல் விரிப்பு மாற்றி, இன்னொரு தடவை மாற்றுவதற்காக அவனைப் புரட்டியபோது அவன் கை பாரமாகச் சரிந்து, அவள் தனக்கென்று ஊற்றிவைத்து இன்னும் வாயில் வைக்காத கஞ்சியைத் தட்டிவிட்டது. தரையெல்லாம் கஞ்சி. அரசி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போறதுன்னா போயிருங்க. என்னால முடியல."

சொன்ன வாய் மூடுவதற்குள் அந்தக் கையைப் பிடித்து, தழும்பு இருந்த கட்டைவிரலைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். இரண்டும் ஒரே மூச்சில் நடந்தன. தெருவில் பிள்ளைகள் சத்தம் ஓய்வதற்குள் பூதலிங்கத்தின் மூச்சு நின்றுபோயிற்று.

வடிவு மைனி வந்தாள், பார்த்தாள், உட்கார்ந்தாள். உலை கொதிக்கிற நேரம் போனதும் தெரு அதிர அழுதாள். அரசிக்கு அழுகை வரவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் புதுப் பானை மாதிரி குளிர்ந்து கிடந்தது. "நம்மூர்க்காரி ஆயிட்டா" என்று பெண்கள் ஒருத்திக்கொருத்தி பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அவளுக்கு இருந்த ஒரே நினைப்பு, நாளைக்கு இந்நேரம் அந்த வார்த்தை அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதுதான்.

"மைனி, இன்னைக்கே எடுத்திரலாம்" என்றாள்.

வடிவு மைனி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "ஏட்டி, அவனுக்கு வரவேண்டியது ஒரு நாள் வரத்து கிடக்கே. அதைக் கொடுக்காம அனுப்பச் சொல்லுதியா?"

ஐஸ் பெட்டி வைத்தால் வரத்து உறைந்துபோகும் என்று ஈரத்துணி போர்த்தி, வேப்பிலை பரப்பி, ஊர் காத்திருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் இந்தத் தெருவுக்கு வந்ததும் தாங்களாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், அரசி தலைமாட்டில் நின்றாள். பூதலிங்கத்தின் காது, நுனியில் ஆரம்பித்து மெதுவாக, கடைசித் தடவையாகச் சிவந்தது.

"நேத்து இந்நேரம் கூட இருந்தது யாரு? என்ன நடந்துச்சு?"

"நான்தான். கையைப் பிடிச்சேன்" என்றாள் அரசி.

குலவைச் சத்தம் எழுந்தது. அது அடங்குவதற்குள் நேற்றைய அழுகை அவளை வந்து அடித்துப் போட்டது. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்தும் நிற்கவில்லை. சங்கு ஊதி, அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள், சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாற்று முடிந்த அன்று சாயங்காலம் வீட்டில் மைனியும் அவளும் மட்டும் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட சத்தம் கேட்டது. அரசியின் கழுத்திலிருந்து சூடு ஏறிக் கன்னம், காது, நெற்றி எல்லாம் தகதகவென்று எரிந்தது. மறைக்க நேரமில்லை, மைனி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தாழைநேரிக்காரிக்கு நாள் தள்ளிப் பார்க்கச் சொல்லித்தர வேண்டுமா?

"நேத்து இந்நேரம், கையைப் பிடிச்சேன்னு சொன்ன" என்றாள் மைனி மெதுவாக. "கையைப் பிடிச்சது வெக்கப்படுத காரியமா அரசி?"

அரசி சொல்லிவிட்டாள். கஞ்சி கொட்டியது, வாயில் வந்தது, கையைப் பிடித்தது, எல்லாம்.

"அப்ப காது செவந்தது எதுக்கு? சொன்னதுக்கா, பிடிச்சதுக்கா?"

"தெரியல மைனி. நடுவுல இடமே விடல. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ, நான் விடலயே."

மைனி எழுந்து போய் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தாள். கோபம் வருவதானால் அது கொதிக்கும்போது வரும். இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் தளதளத்தது. மைனியின் முகம் கன்றவில்லை, கண்தான் நிறைந்து வழிந்தது.

"நானும் சொன்னேன்ட்டி" என்றாள். "மார்கழில நீ மருந்து வாங்கப் போனியே அன்னைக்கு. அவன் கிடக்க கிடையைப் பாத்துட்டு, 'போயிருய்யா, போதும்யா'ன்னு வாய்விட்டுச் சொன்னேன். உன்கிட்ட பேசலன்னு பொய் சொல்லிட்டு ஓடினேன். மறுநாள் அவன் மூஞ்சியப் பாக்கப் பயந்துக்கிட்டு வரவே இல்ல. நீதான இருந்த. என்ன வந்துச்சு அவனுக்கு? மறைக்காம சொல்லு."

பாம்புக்கு வந்ததைப் பூவின் பேரில் எழுதிக்கொண்டு, அவ்வளவு நாளும் தான் அதைக் கட்டிப்பிடித்துத் தூங்கியது அரசிக்குப் புரிந்தது. அவள் கூந்தல் துளிக்கு வந்த சிவப்பு இல்லை அது. அவர் உடனே பதில் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்லவில்லை. போகச் சொன்னால் அவர் காது எப்படிச் சிவக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும், நேற்றுப் பார்த்ததும் அதே சிவப்புதான், நுனியில் ஆரம்பித்து. எல்லாம் புத்திக்கு எட்டிவிட்டது. நெஞ்சு மட்டும் இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது. இதற்கான அழுகை கிளம்பி வருவதற்கு ஒரு நாள் இருக்கிறது. அதனால் அவளால் மைனியின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

"ஒண்ணும் வரல மைனி. அன்னைக்கு நான் கூடவேதான் இருந்தேன். உங்க சொல்லு அவியகிட்ட போய்ச் சேரவே இல்ல."

மைனி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள், யாரை என்று தெரியவில்லை. பிறகு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். நாளைக்கு இந்நேரம் மைனி கண்ணில் படாத இடமாக எங்கே போய் உட்காரலாம் என்று அரசி யோசிக்க ஆரம்பித்தாள்.